381 நாள் பஸ் ஏறாமல் எப்படி வேலைக்குப் போனார்கள்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மான்ட்காமரி நகரில், களைத்துப்போன ஒரு தையல்காரப் பெண் பஸ்ஸில் எழுந்து இடம்விட மறுத்தார், உடனே ஊர்க் கறுப்பின மக்கள் ஒரு வருஷத்துக்கும் மேல் பஸ்ஸையே தொடவில்லை, கடைசியில் சட்டம் மாறியது என்று பள்ளிப்பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள் அத்தனை நாள் எப்படிப் போய் வந்தார்கள், பெட்ரோல் காசு யாருடையது, ஜெயித்தது புறக்கணிப்பா நீதிமன்றமா என்பது உங்கள் சந்தேகம். நியாயமான சந்தேகம். பாடப்புத்தகம் விட்டுவிடும் பகுதியே அதுதான். அந்த 381 நாளும் ஒரு போக்குவரத்துக் கழகத்தை ஒன்றுமில்லாமல் கட்டி நடத்திய கதை. அதை விளக்கினால் மற்ற கேள்விக்கும் பதில் தானாக வரும்.

முதலில் பஸ்ஸுக்குள் என்ன நடந்தது என்பது தெரிய வேண்டும். வண்டியில் 36 இருக்கைகள். முன்னால் இருந்த 10 வெள்ளையருக்கு. காலியாகக் கிடந்தாலும் கறுப்பர் உட்காரக் கூடாது. பின்னால் 10 கறுப்பருக்கு. நடுவில் இருந்த 16 டிரைவரின் விருப்பம்: வெள்ளையர் ஏற ஏற, நடுவரிசையில் இருக்கும் கறுப்பர்கள் எழுந்து பின்னால் தள்ளிப் போக வேண்டும். இரண்டு இனத்தவரும் ஒரே வரிசையில் இருக்கக் கூடாது என்பதால் ஒரு வெள்ளையருக்காக நான்கு பேர் எழ வேண்டிவரும். கட்டணம் 10 சென்ட். அதை முன்வாசலில் ஏறிக் கொடுத்துவிட்டு, இறங்கி, பின்வாசல் வழியாக மறுபடி ஏறச் சொல்வார்கள். காசை வாங்கிக்கொண்டு, ஆள் பின்வாசலுக்குப் போவதற்குள் வண்டியை எடுத்துவிடுகிற டிரைவர்களும் இருந்தார்கள். இத்தனைக்கும் பயணிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர். இந்தக் கணக்கை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை மாலை. ரோசா பார்க்ஸ் உட்கார்ந்திருந்தது நடுப்பகுதியின் முதல் வரிசை. ஒரு வெள்ளையர் நிற்கிறார் என்று டிரைவர் நான்கு பேரையும் எழச் சொன்னார். மூவர் எழுந்தார்கள், இவர் எழவில்லை. அப்போது அவருக்கு 42 வயது. ஒரு துணிக்கடையில் தையல் வேலை செய்தார் என்பது உண்மை. ஆனால் உடல் அலுப்பினால் எழவில்லை என்பதை அவரே பிற்காலத்தில் மறுத்திருக்கிறார். விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் அலுத்துப்போனேன் என்றார். கறுப்பின மக்களின் உரிமைக்காக நாடு முழுக்க வழக்காடிவந்த என்ஏஏசிபி அமைப்பின் ஊர்க் கிளைக்கு அவர் பல வருஷங்கள் செயலாளர். அந்தக் கோடையில்தான் டென்னசி மாநிலத்தில் ஹைலாண்டர் என்ற சமூகப் போராட்டப் பயிற்சிப் பள்ளிக்குப் போய் வந்திருந்தார். அதே டிரைவர் 1943-இல் அவரைப் பின்வாசல் தகராறில் இறக்கிவிட்டவர் என்பதும் பதிவாகியிருக்கிறது. இதையெல்லாம் வைத்து, அன்று நடந்ததே திட்டமிட்ட நாடகம் என்று சிலர் எழுதுகிறார்கள். அதற்குச் சான்று இல்லை. தயாராக இருந்த ஒருவருக்கு அந்தக் கணம் தற்செயலாக வந்து வாய்த்தது என்பதுதான் ஆவணங்களோடு பொருந்துகிறது.

அவருக்கு முன்பே எழ மறுத்தவர்கள் இருந்தார்கள். அதே 1955 மார்ச் 2 அன்று கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவியைப் போலீஸார் பஸ்ஸிலிருந்து இழுத்துப் போனார்கள். அக்டோபரில் மேரி லூயிஸ் ஸ்மித், வயது 18. கால்வினை முன்னிறுத்தி ஏன் போராட்டம் தொடங்கவில்லை என்று அடிக்கடி கேட்கிறார்கள். உறுதியாகச் சொல்லக்கூடிய காரணம் ஒன்று: மேல்முறையீட்டில் அவர்மீதிருந்த இனப்பிரிவினைக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டு, போலீஸ்காரரைத் தாக்கியதாகப் போட்ட குற்றச்சாட்டு மட்டும் நிலைநிறுத்தப்பட்டது. பிரிவினைச் சட்டத்தை அந்த வழக்கை வைத்து எதிர்க்கவே முடியாது. அவர் சிறுமி, ஏழைக் குடும்பம், திருமணமாகாமல் கருவுற்றார் என்பதெல்லாம் சேர்த்துச் சொல்லப்படும். வயதையும் குடும்ப நிலையையும் தலைவர்கள் எடைபோட்டார்கள் என்று பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள், நம்பலாம். கர்ப்பம் மட்டுமே காரணம் என்ற கதையைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். கைதுக்குச் சில மாதங்கள் கழித்து நேர்ந்தது அது.

ஆக, தீக்குச்சி டிசம்பரில் உரசப்பட்டாலும் விறகு முன்பே அடுக்கியிருந்தது. அடுக்கியவர்கள் பெண்கள். பெண்கள் அரசியல் மன்றம் என்று ஒரு சங்கம், பெரும்பாலும் கறுப்பின ஆசிரியைகள். அதன் தலைவி ஜோ ஆன் ராபின்சன், அலபாமா ஸ்டேட் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். 1954 மே 21 அன்றே மேயருக்குக் கடிதம் எழுதியிருந்தார்: பயணிகளில் முக்கால்வாசி நாங்கள், நாங்கள் ஏறாவிட்டால் பஸ் ஓடாது, இருபத்தைந்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் புறக்கணிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கின்றன என்று. பார்க்ஸ் கைதானதற்கு ஒன்றரை வருஷம் முந்தைய கடிதம் இது.

கைதான இரவு ராபின்சன் செய்த காரியத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். நள்ளிரவில் கல்லூரிக்குப் போனார். உடன் வணிகத்துறை ஆசிரியர் ஒருவர், இரண்டு மாணவர்கள். சைக்ளோஸ்டைல் இயந்திரம், ஸ்டென்சில் வெட்டினார்கள். ஒரே தாளில் அதே நோட்டீஸை மூன்று முறை அடித்து, அச்சானபின் மூன்றாக வெட்டினார்கள். 17,500 தாள், 52,500 நோட்டீஸ். இது ராபின்சனே தந்த கணக்கு; 35,000 என்று சொல்பவர்களும் உண்டு. விடியற்காலை நான்கு மணிக்கு அச்சு முடிந்தது. வெள்ளிக்கிழமை பகலில் வகுப்புகளுக்கு நடுவே காரில் பள்ளி பள்ளியாகப் போய்க் கட்டுக்கட்டாக இறக்கினார்கள். மாணவர்கள் கையில் மாலைக்குள் வீட்டுக்கு வீடு போய்விட்டது. அது அரசுக் கல்லூரி, அரசுத் தாள். தெரிந்தால் எல்லோருக்கும் வேலை போகும். கல்லூரித் தலைவர் கூப்பிட்டு விசாரித்தபோது தாளுக்கான பணத்தைச் சங்கம் கட்டிவிடும் என்று சொல்லி, அப்படியே கட்டினார்கள். அந்த நோட்டீஸ் கேட்டது ஒரே ஒரு நாளைத்தான்: டிசம்பர் 5 திங்கள்கிழமை பஸ் ஏறாதீர்கள். ஒரு வருஷம் என்று கேட்டிருந்தால் யாரும் சம்மதித்திருப்பார்களா என்பது சந்தேகம். அந்தச் சிறு அளவில்தான் சாமர்த்தியம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

எதிர்த்தரப்பும் தெரியாமல் உதவியது. ரயில்வே ஸ்லீப்பர் பெட்டித் தொழிலாளர் சங்கத்துக்காரரும் பார்க்ஸை ஜாமீனில் எடுத்தவருமான ஈ. டி. நிக்சன் உள்ளூர்ச் செய்தித்தாள் நிருபர் ஒருவருக்கு விஷயத்தைக் கசியவிட, ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தில் அது வந்தது. நோட்டீஸ் எட்டாத வீடுகளுக்கும் சேதி போய்ச் சேர்ந்தது. பஸ் ஏறுபவர்களைக் கறுப்பின அடியாட்கள் மிரட்டுவார்கள் என்று எண்ணிப் போலீஸ் கமிஷனர் பஸ்களுக்குப் பின்னால் போலீஸாரை அனுப்பினார். ஏறலாமா வேண்டாமா என்று தயங்கியவர்கள் போலீஸைக் கண்டு நடந்தே போனார்கள். திங்கள் காலை பஸ்கள் ஏறத்தாழக் காலியாக ஓடின. அன்றே பார்க்ஸுக்குத் தீர்ப்பு: 10 டாலர் அபராதம், 4 டாலர் நீதிமன்றச் செலவு. அன்று பிற்பகல் மான்ட்காமரி முன்னேற்றச் சங்கம் உருவானது. ஊருக்குப் புதியவர், யாரோடும் பழைய பகை இல்லாதவர் என்பதால் 26 வயதுப் பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங்கைத் தலைவராக்கினார்கள். இரவு ஹோல்ட் தெரு பாப்டிஸ்ட் சர்ச்சில் கூடிய கூட்டம் தெருவரை வழிந்தது. தொடர்வது என்று முடிவானது.

அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் பார்த்தால் இன்று ஆச்சரியமாக இருக்கும். டிரைவர்கள் மரியாதையாக நடக்க வேண்டும். கறுப்பர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் வரிசையாக உட்காரலாம், உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது. கறுப்பினக் குடியிருப்பு வழித்தடங்களில் கறுப்பின டிரைவர்கள் வேண்டும். பிரிவினை ஒழிய வேண்டும் என்றே அதில் இல்லை. அதே மாநிலத்து மொபில் நகரில் இந்த இருக்கை முறைதான் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. இவ்வளவு குறைவாகக் கேட்கிறார்களே என்று என்ஏஏசிபி தலைமையே முதலில் ஒதுங்கி நின்றது. பேச்சுவார்த்தையில் பஸ் நிறுவனத்தின் வழக்கறிஞர் சட்டம் இடம்தராது என்றார். இதை ஒப்புக்கொண்டால் ஜெயித்துவிட்டோம் என்று கறுப்பர்கள் பெருமை பேசுவார்கள் என்றும் சொன்னார். சிறியதைக் கொடுக்க மறுத்ததால்தான் பெரியதைக் கேட்கும் நிலைக்கு அவர்கள் வந்தார்கள்.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. முதல் சில நாள் டாக்ஸிகள் தாங்கின. கறுப்பினத்தவர் நடத்திய 18 டாக்ஸி நிறுவனங்கள், சுமார் 210 வண்டிகள், பஸ் கட்டணமான 10 சென்டுக்கே ஆளை ஏற்ற ஒத்துக்கொண்டன. நகர நிர்வாகம் பழைய விதி ஒன்றைத் தூசு தட்டி எடுத்தது: டாக்ஸிக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட். கூலிக்காரர் போக வர 90 சென்ட் கொடுக்க முடியாது. அந்த வழி அடைபட்டது. 1953 ஜூனில் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் இதேபோல் ஒரு சிறு புறக்கணிப்பு நடந்திருந்தது. அதை நடத்திய பாதிரியார் ஜெமிசனைக் கிங் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டார். சொந்தக் கார்களை இலவசமாக ஓட்டுங்கள் என்பது அவர் சொன்ன வழி. இலவசம் என்ற சொல்தான் இங்கே உயிர்நாடி. காசு வாங்கினால் அது உரிமமில்லாத டாக்ஸி. ஓட்டுநரைப் பிடித்து உள்ளே போடலாம். வாங்காவிட்டால் ஒருவர் தன் காரில் தெரிந்தவரை ஏற்றிப் போகிறார், அவ்வளவே.

காரை இரவல் கொடுப்பது அவ்வளவு லேசான விஷயம் இல்லை. அந்த ஊரில் ஒரு கறுப்பினக் குடும்பத்துக்குக் கார் என்பது ஆயுட்காலச் சேமிப்பு. முன்பின் தெரியாதவர்கள் சேற்றுக் காலோடு ஏறி இறங்க அதைத் தர வேண்டும். கூட்டத்தில் கேட்டபோது 150-க்கும் மேற்பட்டவர்கள் முதலிலேயே பெயர் கொடுத்தார்கள். பின்னர் அது சுமார் 300 ஆனது. ஏற்பாட்டைக் கவனித்தவர் ரூஃபஸ் லூயிஸ். நகரத்தின் சந்துபொந்தெல்லாம் அறிந்த அஞ்சல் ஊழியர்களை வைத்து வரைபடத்தில் குறித்தார்கள். காலையில் ஆட்களைக் கூட்டி அனுப்பும் இடங்கள் கறுப்பினக் குடியிருப்புகளில். பெரும்பாலும் சர்ச் வாசல்கள். மாலையில் ஏற்றிவர நிற்கும் இடங்கள் வெள்ளையர் பகுதிகளில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் வேலை முடிந்து வரும் தெருமுனைகள். இரண்டு வகையிலும் நாற்பதுக்கு மேல். நகர மையத்தில் ஒரு கறுப்பினத்தவரின் கார் நிறுத்துமிடம் வண்டி மாறும் நிலையம். அங்கிருந்து சற்றுத் தள்ளி டீன் மருந்துக்கடை. மருந்தாளுநர் ரிச்சர்ட் ஹாரிஸ் ஒருபக்கம் மருந்துச்சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக்கொண்டே, தொலைபேசியில் எந்த மூலையில் ஆள் நிற்கிறது, எந்த வண்டி காலி என்று சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டு வாரத்துக்குள் இதெல்லாம் அமைந்துவிட்டது.

எல்லோரும் காரில் போகவும் இல்லை. ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். இன்னொரு பங்கை யாரும் எதிர்பார்க்கவில்லை: சமையலும் குழந்தை வளர்ப்பும் நின்றுபோகும் என்பதால் வெள்ளையின வீட்டுக்காரப் பெண்கள் பலர் வேலைக்காரப் பெண்களைத் தாங்களே காரில் கூட்டிவந்து கொண்டுவிட்டார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று மேயர் பகிரங்கமாகக் கேட்டுப் பார்த்தார், பலர் கேட்கவில்லை. தினம் எத்தனை பேர் பஸ்ஸைத் தவிர்த்தார்கள் என்பதில் எண்கள் வேறுபடுகின்றன. ஒரு நாளைக்கு இருமுறை பயணிக்கும் 17,500 பேர் என்பது கிங்கின் கணக்கு. ஊரின் கறுப்பின மக்கள்தொகையான ஐம்பதாயிரத்தையே பயணிகள் எண்ணிக்கையாகச் சொல்வது தவறு. 17,500 பேருக்கு 20 சென்ட் என்று பெருக்கினால் பஸ் நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 3,500 டாலர் இழப்பு.

செலவுக்கு வருவோம். பெட்ரோல், டயர், பழுது, பிறகு முழுநேர ஓட்டுநர்களுக்குச் சம்பளம் என்று மாதம் சுமார் 5,000 டாலர் ஆனது. தொடக்கத்தில் முழுக்க உள்ளூர்ப் பணம். திங்களும் வியாழனும் சர்ச் மாறி சர்ச் நடந்த பொதுக்கூட்டங்களில் தட்டு சுற்றும். பயணிகள் காரில் கொடுக்க முடியாத காசை இங்கே போட்டார்கள். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரர் ஒரு பெண்கள் குழுவைச் சேர்த்து, கோழி சாண்ட்விச், கேக், பை செய்து விற்று, வாரந்தோறும் கூட்டத்தில் கொண்டுவந்து கொட்டினார். குழுவின் பெயர் ‘எங்கிருந்தும் வராதவர்கள் சங்கம்’. பணம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால் எங்கிருந்தும் இல்லை என்று உண்மையாகவே பதில் சொல்லலாம். வெள்ளையர் வீட்டில் வேலை பார்ப்பவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் ஏறாது. பின்னால் சொல்லப்போகும் கைதுகள் பத்திரிகைகளில் வந்தபிறகு வடக்கு மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் நன்கொடை வந்தது. அதில்தான் பதினைந்துக்கும் மேற்பட்ட ஸ்டேஷன் வேகன்கள் வாங்கி ஒவ்வொரு சர்ச்சின் பெயரிலும் பதிவு செய்தார்கள். வண்டியின் பக்கவாட்டில் சர்ச்சின் பெயர் எழுதியிருக்கும். உருளும் சர்ச் என்று ஜனங்கள் அழைத்தார்கள். சர்ச் வண்டி தன் சபையினரை ஏற்றிப் போவதைக் குற்றம் என்று நிரூபிப்பது கடினம் என்பது அதற்குள் இருந்த கணக்கு.

இந்த ஏற்பாட்டை நான்கு இடத்தில் உடைக்கப் பார்த்தார்கள். முதலாவது தெருவில். 1956 ஜனவரியில் மேயரும் கமிஷனர்களும் பிரிவினை ஆதரவு வெள்ளையர் குடிமக்கள் மன்றத்தில் சேர்ந்து, இனி கடுமைதான் என்று அறிவித்தார்கள். போலீஸார் கார்களை மடக்கி, வேகம், அதிக ஆள், சிக்னல் என்று எதற்கும் அபராதச் சீட்டு எழுதினார்கள். ஓட்டுநர் உரிமமும் இன்சூரன்ஸும் போய்விடுமோ என்று சிலர் விலகவும் செய்தார்கள். கிங்கையே ஜனவரி 26 அன்று 25 மைல் பகுதியில் 30 மைல் வேகத்தில் போனதாகக் கைது செய்தார்கள். நான்கு நாள் கழித்து அவர் வீட்டில் குண்டு. பிப்ரவரி 1 அன்று நிக்சன் வீட்டில்.

இரண்டாவது, வதந்தி. ஜனவரி 21 சனிக்கிழமை, மூன்று கறுப்பினப் பாதிரியார்களோடு சமரசம் ஆகிவிட்டது, புறக்கணிப்பு முடிந்தது என்று நகர நிர்வாகம் பத்திரிகைக்குச் செய்தி கொடுத்தது. ஞாயிறு காலை அச்சில் வந்தால் திங்கள் பஸ் நிறைந்துவிடும். மினியாபொலிஸ் நகரத்து நிருபர் கார்ல் ரோவன் செய்தி நிறுவனம் அனுப்பிய தந்தியில் இதைப் பார்த்துவிட்டுக் கிங்குக்கு இரவே போன் செய்தார். தலைவர்கள் அந்தச் சனி இரவு மதுக்கூடம் மதுக்கூடமாகப் போய்ப் பொய் என்று சொன்னார்கள். காலையில் எல்லாப் பிரசங்க மேடையிலும் மறுப்பு. திங்களன்று பஸ் காலியாகவே ஓடியது. ஒரே இரவில் ஊர் முழுக்கச் சேதி சொல்ல முடிகிற வலைதான் அந்தப் போராட்டத்தின் உண்மையான சொத்து.

மூன்றாவது, கைது. நியாயமான காரணமின்றித் தொழிலைப் புறக்கணிக்கச் சதி செய்வதைத் தடைசெய்யும் 1921-ஆம் வருஷச் சட்டத்தின் கீழ், பிப்ரவரியில் தலைவர்களும் ஓட்டுநர்களுமாக 89 பேர்மீது குற்றம் சாட்டினார்கள். போலீஸ் வரும்வரை காத்திராமல் நல்ல உடை உடுத்திக்கொண்டு தாங்களே ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போய், என் பெயர் இருக்கிறதா என்று கேட்டார்கள். கிங் ஒருவர்தான் விசாரிக்கப்பட்டார். 500 டாலர் அபராதம், அதே அளவு செலவுத்தொகை. பயமுறுத்துவதற்காகப் போட்ட வழக்கு, நாடெங்கும் பணம் சேர்த்துக் கொடுத்தது. நான்காவது இன்சூரன்ஸ், இதுதான் ஆளைக் கொல்லும் அடி. செப்டம்பரில் 17 ஸ்டேஷன் வேகன்களின் காப்பீட்டை நிறுவனங்கள் ரத்து செய்தன. காப்பீடின்றி வண்டி ஓட்டினால் ஒரு விபத்தில் சர்ச்சின் கட்டடமே ஏலத்துக்குப் போகும். அட்லாண்டாவில் இருந்த கறுப்பின முகவர் டி. எம். அலெக்சாண்டர் மூலம் லண்டனின் லாய்ட்ஸ் சந்தையில் காப்பீடு வாங்கித்தான் தப்பினார்கள்.

இப்போது நீதிமன்றம். பார்க்ஸின் வழக்கை வைத்துத்தான் பிரிவினை ஒழிந்தது என்று பலர் நினைக்கிறார்கள், அது பிழை. அவருடையது குற்ற வழக்கு. விசாரணையின்போது அரசுத் தரப்பு நகர விதியை விட்டு மாநிலச் சட்டத்துக்குக் குற்றச்சாட்டையே மாற்றிக்கொண்டது. காலி இருக்கை இல்லாதபோது ஆளை எழுப்பக் கூடாது என்று நகர விதியிலேயே இருந்தது காரணம். மேல்முறையீடு மாநில நீதிமன்றங்களில் வருஷக்கணக்கில் தூங்கலாம். அரசியலமைப்புக் கேள்வியைத் தொடாமலே முடித்துவிடவும் முடியும். அதனால் ஃபிரெட் கிரே என்ற இளம் வழக்கறிஞர், பிப்ரவரி 1 அன்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட்டார். மாநிலச் சட்டமே அரசியலமைப்புக்கு விரோதம் என்று வழக்காடினால் அன்றைய விதிப்படி மூன்று நீதிபதிகள் கேட்பார்கள், அங்கிருந்து மேல்முறையீடு நேரே உச்ச நீதிமன்றத்துக்கு. வழக்காளிகள் ஐந்து பெண்கள்: ஆரிலியா ப்ரவுடர், எழுபதைத் தாண்டிய சூசி மெக்டொனால்ட், கால்வின், ஸ்மித், இன்னொருவர் ஜெனட்டா ரீஸ். வழக்குப் போட்டவுடனேயே மிரட்டலுக்குப் பயந்து ரீஸ் விலகினார். அவர் சம்மதம் இல்லாமல் வழக்குப் போட்டதாகக் கிரே மீதே வழக்கு வந்தது, ராணுவத்தில் சேர்ப்பதிலிருந்து அவருக்கிருந்த விலக்கையும் பறிக்கப் பார்த்தார்கள். மீதி நால்வர் நின்றார்கள்.

மே மாதம் சாட்சி சொல்ல வந்தபோது கால்வினுக்கு வயது 16. கிங்தான் உங்களைத் தூண்டிவிட்டார் என்று வரவழைக்க நகரத்தின் வழக்கறிஞர் முயன்றார். உங்கள் தலைவர் யார் என்ற கேள்விக்கு அந்தப் பெண் சொன்ன பதிலின் சாரம்: எங்களுக்கு நாங்களேதான் தலைவர். ஜூன் 5-இல் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. நகரம் மேல்முறையீடு செய்ததால் பிரிவினை தொடர்ந்தது, நடையும் தொடர்ந்தது.

ஜெயித்தது எது என்று கேட்டீர்கள். ஏப்ரல் மாத நிகழ்ச்சி ஒன்று இதற்குத் தெளிவான விடை. ஏப்ரல் 23 அன்று, உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொன்னதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுவனம் தானே பிரிவினையைக் கைவிடுவதாக அறிவித்தது. சிகாகோவிலிருந்த முதலாளிகளுக்கு நஷ்டம் தாங்கவில்லை. ஜனவரியிலேயே கட்டணத்தை 15 சென்டாக ஏற்றிப் பார்த்தும் பலனில்லை. அங்கே புறக்கணிப்பு ஜெயித்துவிட்டது. ஆனால் நகர நிர்வாகம் மாநில நீதிமன்றத்துக்குப் போய் அந்த நிறுவனத்துக்கே தடையாணை வாங்கியது. பணத்தை இழந்தவர் வழிக்கு வந்தார். வாக்கை இழக்காதவர்கள் வரவில்லை. அன்று கறுப்பின மக்களில் பெரும்பாலோருக்கு வாக்காளர் பட்டியலில் இடமில்லாததால் மேயருக்கு அந்த வலி எட்டவே இல்லை. அவரை அசைக்க நீதிமன்ற ஆணை தேவைப்பட்டது. மறுபக்கம், தீர்ப்பு மட்டும் போதும் என்பதும் சரியில்லை. மாநிலம் கடந்து போகும் பஸ்களில் பிரிவினை செல்லாது என்று 1946-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. தெற்கில் பல ஆண்டுகள் அது தாளிலேயே இருந்தது. மான்ட்காமரியில் தீர்ப்பின் ஆணை கைக்கு வந்த மறுநாளே அதைப் பயன்படுத்த ஒரு ஊரே தயாராக நின்றது. வழக்குக்கான செலவும், வழக்காளிகள் தனித்துவிடாமல் இருக்கும் துணையும், இந்தத் தயார்நிலையும் புறக்கணிப்பு தந்தவை.

முடிவு ஒரே நாளில் இரண்டாக வந்தது. 1956 நவம்பர் 13 அன்று மாநில நீதிமன்றத்தில், கார் ஏற்பாடு உரிமமில்லாத வியாபாரம் என்று நகரம் தொடுத்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, உச்ச நீதிமன்றம் ஜூன் தீர்ப்பை உறுதி செய்த செய்தி வந்தது. அன்றே கார் ஏற்பாட்டுக்குத் தடையும் விழுந்தது. உச்ச நீதிமன்ற ஆணை ஊருக்கு வந்து சேர ஐந்து வாரத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் ஒழுங்கான வண்டி ஏற்பாடு கிடையாது. அக்கம்பக்கத்தார் உதவியும் நடையும்தான். டிசம்பர் 5-இல் தொடங்கி டிசம்பர் 20 வரை எண்ணிப் பாருங்கள்: 1956 லீப் வருஷம், 366-ம் 15-ம் சேர்ந்தால் 381.

அந்த இடைவெளியை அவர்கள் பயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள். சர்ச்சில் பலிபீடத்துக்கு முன்னால் நாற்காலிகளைப் பஸ் இருக்கை மாதிரி வரிசையாகப் போட்டு, முன்னால் டிரைவருக்கு ஒன்று. ஒருவர் டிரைவர், சிலர் கோபக்கார வெள்ளையர், சிலர் கறுப்பினப் பயணிகள். திட்டுவாங்குவார்கள், இடிபடுவார்கள், பதிலுக்குத் திட்டாமல் இருக்கப் பழகுவார்கள். பிறகு என்ன சரி, என்ன தவறு என்று எல்லோருமாகப் பேசுவார்கள். ஆணை வருவதற்கு முந்தைய நாள் ஒரு நோட்டீஸும் கொடுத்தார்கள்: வேறு இடம் இருக்கும்போது வேண்டுமென்றே வெள்ளையர் பக்கத்தில் போய் உட்காராதீர்கள், உட்காரும்போது மன்னிக்கவும், உட்காரலாமா என்று கேளுங்கள், முதல் சில நாள் ஒரு நண்பரோடு ஏறுங்கள், உங்களால் பொறுக்க முடியாது என்று தோன்றினால் இன்னும் ஒரு வாரமோ இரண்டு வாரமோ நடந்தே போங்கள். ஒரு வருஷம் நடந்தவர்களிடம் கடைசியில் இப்படிக் கேட்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

டிசம்பர் 21 காலை பஸ் ஏறினார்கள். ஒரு வாரத்தில் பஸ்கள்மீது துப்பாக்கிச் சூடு. ரோசா ஜோர்டான் என்ற கர்ப்பிணிக்கு இரண்டு காலிலும் குண்டு பாய்ந்தது. 1957 ஜனவரி 10 அன்று நான்கு சர்ச்சுகளிலும் இரண்டு பாதிரியார்களின் வீடுகளிலும் வெடிகுண்டு. பஸ் ஓட்டமே சில நாட்கள் நின்றது. பூங்காக்களில் இனம் பிரிக்கக் கூடாது என்று வழக்கு வந்தபோது 1959-இல் நகரம் எல்லாப் பூங்காவையும் பூட்டிவிட்டது. வேலையை இழந்த பார்க்ஸும் கணவரும் 1957-இல் ஊரைவிட்டே போய் டெட்ராய்ட்டில் குடியேறினார்கள். நோட்டீஸ் அடித்த ராபின்சனும் 1960-இல் அந்தக் கல்லூரியை விட்டுப் போனார். கால்வினை 1955-இல் நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். அது முடிந்தது என்று யாரும் அவருக்குச் சொல்லவே இல்லை. 2021-இல், தமது 82-ஆம் வயதில், அவரே மனுப்போட்டுக் கேட்டபிறகுதான் மான்ட்காமரியின் சிறார் நீதிமன்றம் அந்தப் பதிவை அழித்தது.